இருநூறு கிராம் மண்

டான்சா பேருந்து நிலையம்வரை இப்போது மெட்ரோ.
அப்புறம் ஷேர் ஆட்டோ.
அப்புறம் நடை.
பையில் கொத்துக்கரண்டி, பாலிதீன் உறைகள், மார்க்கர்,
டிபன் டப்பாவில் எலுமிச்சைச் சாதம்.

பிப்ரவரி வயல் தூரத்தில் முழுப் பச்சை.
கிட்டப் போனால் நடுவே ஒரு மஞ்சள் வழுக்கை,
கயிற்றுக் கட்டில் ஒன்று போடலாம்.
போன வருஷம் தலையணை அளவுதான் இருந்தது என்கிறாள் ஓம்வதி.

யூரியா போட்டாளாம்.
மறுபடியும் போட்டாளாம்.
மின்சாரம் வந்த இரவு இரண்டு மணிக்கு
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
தண்ணீர் பாய்ச்சினாளாம்.
உரக்கடைக்காரன் மட்டும் பச்சையாக இருக்கிறான்.

பிடுங்கப் போனவளைத் தடுக்கிறேன்.
பிடுங்கினால் சாட்சி மண்ணிலேயே அறுந்துபோகும்.
சுற்றிலும் தோண்டி,
கட்டியோடு தூக்கி,
வாளித் தண்ணீரில் மெல்ல அலச வேண்டும்.

ஆழத்துக்குப் போகாத வேர்.
ஒரு சாண்கூட இறங்காமல்
கிளைத்து, கிளைத்ததும் கிளைத்து,
சீப்பு காணாத தலைபோல் சிக்காகி,
சிக்குக்குள் வெள்ளை வெள்ளையாக.
மணலா?
மணல் என்றால் கழுவப் போயிருக்கும்.

லென்ஸை அவளிடம் கொடுக்கிறேன்.
நெடுநேரம் பார்த்தாள்.
'நிம்பு' என்றாள்.
ஆமாம், எலுமிச்சைதான், ஊசிமுனை எலுமிச்சை.
தலை வேருக்குள், உடம்பு வெளியே.
தலை உறிஞ்ச உறிஞ்ச உடம்பு வீங்கும்.

அன்று என் டப்பாவைத் திறக்கவில்லை.

ஆய்வகத்தில்
ரிஷால் சல்லடை மாற்றிச் சல்லடையாய் மண்ணை வடிக்கிறார்.
நான் எண்ணுகிறேன்.
கட்டை விரலடியில் கருவி, கிளிக்.
செத்த பெண்புழுவின் தோல்
பழுப்பேறி, இறுகி, பையாகிறது.
கிளிக்.
பை ஒன்றில் முந்நூறு முட்டை.
எல்லாம் ஒரே குளிரில் பொரிவதில்லை;
ஒரு பங்கு அடுத்த நவம்பருக்கு,
அதிலும் ஒரு பங்கு அதற்கடுத்ததற்கு.
கிளிக் கிளிக்.
இருநூறு கிராம் மண்ணில் நாற்பத்தொன்று.
படிவத்தில் 'மகசூல் இழப்பு, சதவீதம்' என்ற கட்டம்
என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.

ஏப்ரலில் அவளே எடை போட்டு வைத்திருந்தாள்:
பீகாவுக்கு நாலு குவிண்டால் வந்த இடம்,
இரண்டே கால்.
கதிர் இருந்தது, ஆனால் கைக்குக் கனமில்லை.

கடுகு போடுங்கள், இரண்டு வருஷம்.
கடலை போடுங்கள்.
கோதுமை வேர் தேடிப் பொரிந்து வருவது
பட்டினியில் சாகட்டும்.
துவாரகையில் நாலாம் மாடியில் இருக்கிறார் நிலக்காரர்,
பீகாவுக்கு ஒன்றரை குவிண்டால் குத்தகை,
கோதுமையாகவே வேண்டும் அவருக்கு.
'கடுகில் ரொட்டி சுடுவாரா, மேடம்?'

எனக்குப் பதில் தெரியவில்லை.
புழுவின் பசிக்கு அட்டவணை வைத்திருக்கிறேன்,
நாலாம் மாடியின் பசிக்கு இல்லை.

கிளம்பும்போது
அவள் என் பூட்ஸைப் பார்த்தாள்.
அடியில் அப்பிய மண், அவள் மண்.
இதே பூட்ஸோடு நாளைக்கு நான் உஜ்வா போக வேண்டும்,
இன்னொருவர் வயலுக்கு.
வாடகை டிராக்டரைக் குறை சொல்லி
பத்துப் பக்கம் எழுதியவள் நான்.

வாளி கொண்டுவந்தாள்.
குச்சியால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினேன்.
பிறகு இருவரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
வயலில் ஊற்ற முடியாது.
வாய்க்கால் பக்கத்து வயலுக்குப் போகிறது.
சாக்கடையும் சுற்றிக்கொண்டு அங்கேதான்.

ஓம்வதி எருமைத் தீவனம் வேகவைக்கும் அண்டாவை இறக்கினாள்,
வறட்டி நாலு சொருகினாள்,
வாளியை அடுப்பில் ஏற்றினாள்.
சேறு கொதிக்க நேரமாகும் என்றாள்.
உட்காருங்கள், சாப்பிட்டீர்களா?

டப்பாவைத் திறந்தேன்.
ஒரு கவளம் வாங்கி வாயில் போட்டு
புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு,
மறு கண்ணால்
வாளியையே பார்த்திருந்தாள்.